பொட்டுக்குள் போன ஊசி

ஏனுங்க, அந்தப் பையைப் பாத்துக் கால் வைங்க. உள்ள கண்ணாடி இருக்குது. மீட்டருங்க, லாரி மீட்டரு. ஒடைஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. இருந்தாலும் ஒடையாமக் கொண்டு போகோணும். எம்பட சம்சாரத்துகிட்டக் காட்டறதுக்குக் கொண்டு போறேன்.

அவ பொறந்த ஊட்டுல இருக்கறா. அந்தியூருக்கு முந்தி, புதுக்காடு பிரிவுல எறங்கி உள்ள போகோணும். நான் அவளைக் கூப்பிடறதுக்குப் போகலைங்க, அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். கூப்பிடப் போறவன் பூவு, பழம்னு வாங்கிட்டுப் போவான். நான் மீட்டரை எடுத்துட்டுப் போறேன். இந்த மீட்டரு தப்பாக் காட்டிப்போடுச்சு, என் மேலயும் தப்பில்லை, உன் மேலயும் தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வரலாம்னு. அவ அதைக் கேட்டுட்டுக் கெளம்பி வந்தா வரட்டும். வராட்டி அவ இஷ்டம்.

நீங்க எங்கீங்க? அந்தியூரேவா? சரி சரி, அப்ப நெறைய நேரம் இருக்குது.

எனக்குச் சங்ககிரிங்க. ராக்கியண்ணன்னு சொன்னா லாரிப்பேட்டையில யாரும் காட்டுவாங்க. சொந்த வண்டி. ஆறு சக்கரம். சேலத்துல ஜவ்வரிசி ஏத்தினா, பண்ணாரி போயி, திம்பம் மலை ஏறி, மைசூருப் பக்கம் எறக்கிப்போட்டு, வரும்போது முட்டைக்கோஸோ எதோ கெடைக்கறதை ஏத்திட்டு வந்துருவேன். திம்பம் போயிருக்கீங்களா? வளைஞ்சு வளைஞ்சு போகும். சாயந்திரமானா கீழ கேட்டு மூடிருவாங்க, யானை, புலி நடமாட்டம். அதுக்குள்ள ஏறித் தாண்டிரோணும். ஏறலைன்னா விடியற வரைக்கும் கொசுக்கடியில கெடக்கோணும்.

எம்பட வண்டி மலைக்குச் சோம்பேறிங்க. சமதரையில குதிரையாட்டம் போகும். மேட்டைக் கண்டா மாமியா ஊட்டுக்குப் போற மருமவளாட்டம் மூஞ்சியைத் தூக்கிக்கும். அதுகூடப் பரவால்லை. எம்பட மச்சினன், அவ கூடப்பொறந்தவன், தனசேகரன்னு பேரு, அவனும் லாரிதான் வெச்சிருக்கான், இதே ரூட்டு. வளைவுல என்னைத் தாண்டும்போது ஆரனை ரெண்டு தடவை அடிப்பான். ஒரு தடவை அடிச்சா வழி கேக்கறான்னு அர்த்தம். ரெண்டு தடவை எதுக்குங்க? நீங்களே சொல்லுங்க.

அதான் சூசை மேஸ்திரிகிட்டப் போனேன். மேஸ்திரி, பம்பைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க, டீசல் குடிச்சாலும் பரவால்லை, வண்டி இழுக்கோணும்னு சொன்னேன். பம்பை ஏத்தறதுன்னா தெரியுமில்லீங்க? இஞ்சினுக்குப் போற டீசலை அதிகமாக்கறது. பேட்டையில பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டறான். திருப்புளியை வெச்சு ஒரு திருகு, அவ்வளவு வேலை.

மேஸ்திரி திருப்புளியைத் தொடலைங்க. மொதல்ல மீட்டர் வாங்கிட்டு வான்னுட்டாரு. ரெண்டு மீட்டரு. ஒண்ணு டர்போவுல காத்து எவ்வளவு அழுந்துதுன்னு காட்டறது. இன்னொண்ணு பொகை போற குழாயில ஒரு கம்பியை எறக்கி, உள்ள சூடு எவ்வளவுன்னு காட்டறது. அதுதான் இது, பையில இருக்கறது. "டீசல் ஏறினா சூடு ஏறும். சூடு மிஞ்சினா பிஸ்டன் உருகிரும். உனக்குத் தெரியறதுக்குள்ள உருகிரும். மொதல்ல கண்ணு, அப்பறந்தான் காலு"ன்னாரு.

சரின்னு வாங்கிட்டுப் போனேன். மாட்டினாரு. மாட்டிப்போட்டு, இப்பவும் பம்பைத் தொட மாட்டேன், ஒரு மாசம் பழைய இழுவையிலயே ஓட்டு, மேட்டுல எவ்வளவு, தரையில எவ்வளவுன்னு பாத்து வெச்சுக்க, சாதாரணம் எதுன்னு தெரிஞ்சாத்தானே அசாதாரணம் தெரியும்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துது. பொண்ணு பாக்கப் போனா ஒரு மாசம் வாசல்லயே நில்லுன்னு சொல்ற மாதிரி. ஆனா அவரு பேட்டையிலயே பெரிய மேஸ்திரி, எதுத்துப் பேச முடியாது.

இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா, பொகைக் குழாய் இருக்கறது இடது பக்கம். மீட்டரோட வந்த ஒயரு என் பக்கம் எட்டலைங்க. அதனால மீட்டரை இடது பக்கக் கம்பத்துல, கிளீனர் உக்கார்ற எடத்துல மாட்டிப்போட்டாரு. என் சீட்டுல இருந்து பாத்தா வெயில்ல பளபளன்னு கண்ணாடி மட்டுந்தான் தெரியும். ஊசி தெரியாது.

கிளீனருக்கு எங்கீங்க போறது? இப்ப எவன் வர்றான் லாரிக்கு? எம்பட சம்சாரந்தான் கிளீனரு. கோகிலவாணின்னு பேரு. பொண்ணு நர்சிங் படிக்கறதுக்கு ஆஸ்டலுக்குப் போனதுக்கப்பறம் ஊட்டுல சும்மாதானே இருக்கே, வான்னு கூட்டிட்டு வந்துட்டேன். சோறாக்கற செலவு மிச்சம், கட்டை போடறதுக்கு ஆளும் ஆச்சு. கட்டைன்னா, மேட்டுல வண்டி நின்னா பின்னால உருளாம சக்கரத்துக்கு அண்டை குடுக்கற கட்டை.

அவ நல்லாப் பாத்துச் சொல்லுவாங்க. அதைச் சொல்லோணும். மீட்டர்ல நம்பரு நூறு நூறா இருக்கும், அவ நூறை விட்டுருவா. "நாலு"ம்பா. "நாலரை"ம்பா. மேடு வந்தா, நான் "எத்தனை?"ன்னு கேப்பேன், அவ "அஞ்சு"ம்பா. "எத்தனை?" "அஞ்சே கால்." "எத்தனை?" "ஆறு தொடுதுங்க." ஏழுல இருந்து செவப்பு. அந்த மாசம் பூராவும் திம்பத்துல ஒருதடவைகூட ஆறைத் தாண்டலை.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? அப்பத் தெரியும். இத்தனை வருசம் ஆனதுக்கப்பறம் புருசனும் பொண்டாட்டியும் என்னத்தைங்க பேசறது? சோறு ஆச்சா, பொண்ணு போன் பண்ணிச்சா, அவ்வளவுதான். நாங்க அந்த மாசம் பேசினது கல்யாணம் ஆன புதுசுல பேசினதைக் காட்டிலும் அதிகம். எல்லாமே நம்பருதான். ஆனா பேச்சு. நான் கேக்காமயே சிலசமயம் சொல்லுவா. மேடே இல்லை, சும்மா தரையில போயிட்டிருப்போம், வெளிய பாத்துட்டிருந்தவ திரும்பி, "மூணுங்க, நல்லா இருக்குது"ம்பா. நல்லாத்தான் இருந்துது.

மாசம் முடிஞ்சு மேஸ்திரி பம்பை ஏத்தி விட்டாரு. கொஞ்சமாத்தான் ஏத்தினாரு. ஏழு வந்தாக் காலை எடுத்துரு, கியரை எறக்கிக்க, யாரோட போட்டியும் போடாதேன்னு சொல்லி விட்டாரு. வண்டி மாறிப்போச்சுங்க. ஜவ்வரிசி மூட்டை இருக்கறதே தெரியலை. மொதல் தடவை ஏறும்போது அவ "ஆறரை... ஆறே முக்கா... காலை எடுங்க"ன்னா. எடுத்தேன். எறங்கிருச்சு. அப்படியே ரெண்டு மூணு நடை போனோம். ஒரு குறையும் இல்லை.

அப்பறம் ஆயுத பூசை வந்துது.

லாரிக்காரனுக்கு அதுதானுங்க தீபாவளி. வண்டியைக் கழுவி, வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் சுத்தி ஒடைச்சு, ஒண்ணும் குறை வெக்கலை. சந்தனத்தைக் கொழச்சுட்டு நானே கேபினுக்குள்ள ஏறினேன். ஸ்டேரிங்குக்கு ஒரு பொட்டு, கண்ணாடிக்கு, கியருக்கு, அப்பறம் மீட்டருக்கெல்லாம். புது மீட்டரு, மொதப் பூசை, அதுக்குக் கொஞ்சம் தாராளமா வெப்பமேன்னு, என் சீட்டுல இருந்தே எட்டி, பெருவெரல்ல எடுத்து நச்சுன்னு வெச்சேன். எட்டி வெச்சதால வலது பக்கமா விழுந்துது. அது மேல குங்குமம். எடுப்பா இருந்துது. அந்தப் பக்கந்தான் செவப்புக் கோடும் இருக்குதா, பொருத்தமாக்கூட இருந்துது.

மறு நடைக்குக் கெளம்பறோம், பவானி தாண்டலை, அவ சொல்றா: "ஏனுங்க, ஆறரைக்கு மேல பொட்டு மறைக்குது. தொடைச்சுரட்டுங்களா?"

நான் வண்டியையே ஓரம் கட்டிட்டேனுங்க. என்ன பேச்சு பேசறே? ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டு. ஒரு சுமங்கலி பொம்பளை, புருசன் பக்கத்துல ஸ்டேரிங் பிடிச்சு உக்காந்திருக்கான், அவன் வெச்ச பொட்டைத் தன் கையால அழிக்கறேங்கறா. யாருக்குங்க கேடு? ஸ்டேரிங் பிடிச்சிருக்கறவனுக்குத்தானே? வாயைக் கழுவுடின்னேன். நெசமாலுமே தண்ணி பாட்டலை எடுத்துக் குடுத்து வாயைக் கொப்புளிக்கச் சொன்னேன். கொப்புளிச்சா. தானா காஞ்சு உதுந்தா உதுரட்டும், கை படக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். சரின்னுட்டா. அவ எம்பட பேச்சைத் தட்டறவ இல்லை, அந்த விசயத்துல கொறை சொல்ல மாட்டேன்.

அந்தச் சந்தனம் நல்ல சந்தனமுங்க. கட்டையில ஒரச்சது. சீக்கிரத்துல உதுராது.

அன்னைக்குப் பண்ணாரிக்கு வந்து சேரவே நேரமாயிப்போச்சு. கேட்டு மூடறதுக்குக் கொஞ்ச நேரந்தான் இருந்துது, உள்ள நொழைஞ்சுட்டோம். அம்மனுக்கு ரோட்டுல இருந்தே ஒரு கும்பிடு. ஏற ஆரம்பிச்சா, பின்னால ரெண்டு ஆரன். பாக்கோணுமா? மச்சினன்தான்.

இன்னைக்கு விடக் கூடாதுன்னு நெனைச்சேன். பந்தயம் கிந்தயம் எல்லாம் இல்லைங்க. பம்பை எதுக்கு ஏத்தினது? அவன் முன்னால போறதைப் பாத்து உக்கார்றதுக்கா? மிதிச்சேன். வண்டி தூக்கிட்டுப் போகுது. "எத்தனை?"ன்னேன். "ஆறரை"ன்னா. "எத்தனை?" "பொட்டுக்குள்ள போயிருச்சுங்க."

"வந்துரும்"னேன்.

அடுத்த வளைவு. "இன்னும் பொட்டுக்குள்ளதானுங்க இருக்குது."

"வந்துரும்டி."

"வரலைங்க. பொட்டுக்கு அந்தப் பக்கம் வாலு தெரியுதுங்க. காலை எடுங்க."

வாலுன்னா ஊசியோட நுனி. பொட்டோட அக்கட்டால வந்துருச்சுன்னு சொல்றா. பொட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நம்பருன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ஓட்டறவன் ரோட்டைப் பாப்பானா, பொட்டைப் பாப்பானா? கண்ணாடியில மச்சினன் மூஞ்சி தெரியுது, சிரிக்கிறான். நம்பரைச் சொல்லு, இல்லாட்டி வாயை மூடிட்டு வான்னேன். நம்பரு தெரியலைங்கன்னா. அப்ப மூடிட்டு வான்னேன். மூடிட்டு வந்தா.

ரெண்டு வளைவு ஏறினதும் வண்டி ஒரு மாதிரி அனத்துச்சு. இழுவை போயிருச்சு. பின்னால பாத்தா வெள்ளையாப் பொகை. டக்குன்னு ஒரு சத்தம், இஞ்சின் நின்னுபோச்சு. பிரேக்கைத்தான் மிதிச்சுட்டு இருந்தேன், இருந்தாலும் லோடு வண்டி, மலை, கொஞ்சம் பின்னால போகத்தான் செய்யும். அந்தப் பக்கம் பள்ளம். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. சாமி கும்பிட்டேனுங்க, உண்மையாலுமே. கண்ணைத் தொறந்து பாக்கறேன், வண்டி நின்னுருச்சு.

அவ எறங்கிக் கட்டையைப் போட்டிருக்கா. எப்ப கதவைத் தொறந்தா, எப்ப குதிச்சா, தெரியலை. பின்சக்கரத்துக்கு அடியில கட்டையை வெச்சு ஒரு கால்ல ஒதைச்சுப் பிடிச்சுட்டு நிக்கறா. முழங்கை பூராவும் சிராய்ப்பு. கட்டை போடறது கிளீனரு வேலைதானுங்க, போடத்தானே வேணும். ஆனா நேரத்துக்குப் போட்டா. இல்லைன்னு சொல்லலை.

மச்சினன் வண்டியை நிறுத்தி ஓடி வந்தான். என்கிட்ட வரலை. அவன் அக்காகிட்டப் போனான்.

வண்டியைக் கட்டி இழுத்துப் பேட்டைக்குக் கொண்டு வந்தோம். மேஸ்திரி இஞ்சினைக் கழட்டினாரு. பேட்டையே கூடிருச்சு, எழவு ஊட்டாட்டம். பிஸ்டன் தலையில ஓட்டைங்க. மெழுகுவர்த்தி உருகின மாதிரி ஓரமெல்லாம் வழிஞ்சு கெடக்குது. மேஸ்திரி அதைக் கையில எடுத்து என்னைப் பாத்து, "மீட்டர் பாக்கலியாப்பா?"ன்னாரு. அத்தனை பேருக்கு முன்னால.

நான் என்ன சொல்றது? மீட்டருக்கு முன்னால உக்காந்திருந்தது யாருங்க? "இவகிட்டக் கேளுங்க மேஸ்திரி. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கறதுக்குத்தான் பக்கத்துல உக்கார வெச்சேன். வாயில கொழுக்கட்டை வெச்சிருந்தாளா என்னன்னு கேளுங்க"ன்னேன்.

அவ அழுகலைங்க. அழுதிருந்தா எனக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்கும். நேரா வண்டியில ஏறினா. தண்ணி பாட்டல் கெடந்துது, சீலை முந்தானையை நனைச்சா. மீட்டர்ல இருந்த பொட்டை ஒரே இழுப்பு. சந்தனம், குங்குமம், எல்லாம் போச்சு. அத்தனை பேரு பாத்துட்டு நிக்கறாங்க. மேஸ்திரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

எறங்கி வந்து, "இப்ப நல்லாத் தெரியுதுங்க"ன்னா. பையை எடுத்துட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துட்டா.

அவ்வளவுதானுங்க நடந்தது.

அப்பறம் எனக்கு ஒரே எண்ணந்தான். மீட்டருதான் தப்பு. சூடு ஏறினா அது இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டியிருக்கோணும். பொட்டைத் தாண்டி முழுசா வந்திருந்தா அவளும் நம்பரைச் சொல்லியிருப்பா, நானும் காலை எடுத்திருப்பேன். மேஸ்திரியைப் போட்டுப் பாக்கச் சொன்னேன். அவரு இதையும் ஒரு புது மீட்டரையும் ஒண்ணா வெச்சு, கேஸ் நெருப்புல ரெண்டு கம்பியையும் காட்டினாரு. ரெண்டு ஊசியும் ஒண்ணாவே ஏறுச்சு, ஒண்ணாவே எறங்குச்சு. மீட்டரு நல்லா இருக்குதுப்பான்னாரு. எனக்கு அதுல திருப்தி இல்லைங்க. ரெண்டுமே ஒரே கம்பெனி. ரெண்டுமே தப்பா இருக்கலாமில்லீங்க?

வண்டி இன்னும் பேட்டையிலதான் நிக்குது. மேஸ்திரி வேலையை முடிச்சுட்டாரு, எடுத்துட்டுப் போன்னு சொல்றாரு. எடுக்கலாம். எடுத்து என்ன பண்றதுன்னு இருக்குது. இதுல இன்னொரு கூத்து. மச்சினன் அதே மேஸ்திரிகிட்ட வந்து அவன் வண்டிக்கும் மீட்டர் மாட்டியிருக்கான். ஒயரு நீளமாக் கெடைக்குது இப்ப, டிரைவர் பக்கமே மாட்டித் தர்றேன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு. வேண்டாம், இடது பக்கமே இருக்கட்டும்னானாம். எங்க அக்கா பாத்துச் சொல்லும்னானாம்.

சொல்றாளாம். மேஸ்திரி ஒருதடவை கூடப் போயிட்டு வந்தாரு. "எத்தனைக்கா?"ன்னு கேக்கறான், அது சொல்லுது, சொன்ன ஒடனே காலை எடுத்துர்றான்னாரு. எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நான் கேக்கவே இல்லை, அவரா வந்து சொல்றாரு.

இந்தாங்க, வெளிய எடுக்கறேன், பிடிச்சுப் பாருங்க. ஊசி பூச்சியத்துல நிக்குதா? தட்டிப் பாருங்க. அசையாது. ஊட்டுல டிவிக்குப் பக்கத்துல வெச்சு தெனமும் பாக்கறேன். வெயிலடிச்சாலும் அப்படித்தான், மழை பேஞ்சாலும் அப்படித்தான். ஒண்ணும் காட்டறதில்லை. கெட்டுப்போனதுங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?

என்னங்க? ஒயரு இல்லாம எப்படிக் காட்டும்னா?

அதுவுஞ் சரிதானுங்க.

நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அவ அந்தப் பொட்டை அழிச்சா இல்லீங்களா, அன்னைக்கு ரோட்டைத் தாண்டறதுக்கே பயம். கரண்டு சுவிச்சைத் தொடறதுக்குப் பயம். இன்னைக்கு ஏதாச்சும் ஆயிரும், நாளைக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பாத்துட்டே இருந்தேன். நாளும் போயிட்டே இருக்குது. ஒரு சளி பிடிக்கலைங்க. ஒரு தலைவலி இல்லை. சோத்துல உப்பு ஒறைப்பு தெரியறதில்லை, அது ஓட்டல் சோறு, அப்படித்தான் இருக்கும். டாக்டரு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குதுன்னுட்டாரு. எனக்கு ஒண்ணுமே ஆகலைங்க.

கண்டக்டர் கூப்பிடறாரா? புதுக்காடு பிரிவு. ஆமாங்க, நான்தான் கேட்டிருந்தேன்.

இல்லீங்க கண்டக்டரே, அந்தியூருக்கே டிக்கட் போட்டுருங்க. போலாம், ரைட்டு.

போன தடவையும் இப்படித்தான் பண்ணினேன், அந்தக் கண்டக்டருக்கே பழக்கமாயிருச்சு, பாருங்க, மூஞ்சியைச் சுளிக்கக்கூட இல்லை. எறங்கிப் போயிரலாங்க. போய் நின்னா அவ என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாப்பா. குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், பாத்தாலே தெரியும். பொட்டை அழிச்சா உசுருக்குக் கேடுன்னு வாயைக் கொப்புளிக்க வெச்சீங்களே, ஒண்ணும் ஆகலியேன்னு அவ கேக்கவே மாட்டா. அவ எதையும் கேக்கறவ இல்லை. சும்மா பாப்பா. அதுக்கு நான் என்னத்தைச் சொல்றது? அதைத்தான் இந்த பஸ்ல போகும்போதும் வரும்போதும் யோசனை பண்றேன். பழம் வாங்கிட்டுப் போயிருக்கலாமோன்னும் தோணுது.

கரட்டு மேடு வந்துருச்சு. டிரைவரு கியரை எறக்காம மிதிக்கிறான், சத்தம் கேக்குதுங்களா? இப்படி மிதிச்சா என்னத்துக்கு ஆகும். ஏறட்டும், ஏறட்டும். எத்தனை?

இல்லீங்க. உங்களைக் கேக்கலை.